உப்பைத் தின்றது யார்?

2003 நவம்பர் 22, சிட்னி. உலகக்கோப்பை ரக்பி இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரமும் முடியப்போகிறது. இங்கிலாந்து 17, ஆஸ்திரேலியா 17. பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே பந்தைத் தலைக்குமேல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார் ஸ்டீவ் தாம்சன். வயது 25. எதிரே இரு அணி ஆட்களும் வரிசை கட்டி நிற்கிறார்கள். அத்தனை தலைகளையும் தாண்டி, வரிசையின் வாலில் தூக்கிவிடப்படும் லூயிஸ் மூடியின் கையில் பந்தைச் சேர்க்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பந்து எதிராளிக்கு. பிசகவில்லை. மூடி பிடித்தார். மேட் டாசன் இடுக்கில் புகுந்து ஓடினார். கேப்டன் மார்ட்டின் ஜான்சன் முட்டி மோதி இன்னும் சில அடிகள் பெற்றுத் தந்தார். பந்து பின்னால் வந்தது. இடதுகால் பழக்கமுள்ள ஜானி வில்கின்சன் வலது காலால் உதைத்தார். 20-17. மிச்சம் இருந்தது 26 நொடி.

அந்த உதையை உலகம் மறக்கவில்லை. பந்தை வீசியவரை ரக்பி தெரிந்தவர்கள் மட்டும் நினைவில் வைத்திருந்தார்கள். வீசியவருக்கே அது நினைவில்லை என்பது 17 ஆண்டுகள் கழித்து, 2020 டிசம்பரில் வெளியே வந்தது. 42 வயதில் தாம்சனுக்கு டிமென்ஷியா என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டதால் வரும் மூளைச் சிதைவாக இருக்கக்கூடும் என்பதும் அவர்கள் கணிப்பு. உலகக்கோப்பையை வென்றது அவர் நினைவில் இல்லை. பதிவைப் போட்டுப் பார்த்தால் யாரோ ஆடுவதுபோல இருக்கிறது. சில நேரம் மனைவியின் பெயரே நாக்கில் வருவதில்லை. இவ்வளவையும் அவரே நாளிதழ் பேட்டியில் சொன்னார். முன்னாள் ஆட்டக்காரர்கள் சிலரோடு சேர்ந்து, உலக ரக்பி அமைப்பின் மேலும் இங்கிலாந்து, வேல்ஸ் சங்கங்களின் மேலும் வழக்குக்கும் இறங்கினார்.

செய்தி வந்த அன்றே ஒரு பதிலும் கிளம்பியது. இன்றுவரை ஓயவில்லை. விரும்பித்தானே ஆடினார்கள்? யாராவது கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்களா? மோதல் ஆட்டம் என்பது அஞ்சு வயசுப் பையனுக்குக்கூடத் தெரியுமே. சம்பளம் வாங்கினார்கள், பதக்கம் வாங்கினார்கள், அரண்மனைக்குப் போய்ப் பட்டம் வாங்கினார்கள். இப்போது வழக்கு எதற்கு? நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும்.

இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சனிக்கிழமை தோறும் சேற்றில் புரண்டு எழுந்து, மூக்குத்தண்டு வளைந்து, அதையும் சிரித்துக்கொண்டே சொல்லும் பழைய ஆட்டக்காரர்கள் அவர்களில் நிறையப் பேர். ஆட்டத்தை நேசிக்கிறவர்கள். அவர்களுடைய நேசத்தை நான் சந்தேகிக்கவில்லை. அவர்கள் எடுத்து வீசும் அந்த வாதம் இருக்கிறதே, அதுதான் பொத்தல். அதில் ஒரு இழை கூட இழுவைக்குத் தாங்காது.

'விரும்பினார்கள்' என்பதிலிருந்து தொடங்குவோம். எதை விரும்பினார்கள்?

தோள்பட்டை இறங்கும், முட்டி கழலும், பல் போகும், விரல் கோணும் என்று ரக்பி ஆடப் போகிற எவனுக்கும் தெரியும். அதற்கு ஒப்புக்கொண்டுதான் காலணியைக் கட்டுகிறான். வில்கின்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புகழ்பெற்ற உதைக்குப் பிறகு கழுத்து, தோள், மேற்கை, முழங்கால், தொடை இடுக்கு, சிறுநீரகம் என்று உடம்பின் ஒவ்வொரு பாகமும் முறை வைத்துக்கொண்டு அவரைப் படுக்கப்போட்டது. மறுபடி இங்கிலாந்து சட்டையைப் போட 1,169 நாட்கள் ஆயின. 2007 பிப்ரவரியில் ஸ்காட்லாந்துக்கு எதிராகத் திரும்பி வந்து ஒரே ஆட்டத்தில் 27 புள்ளி எடுத்தார். முட்டி போனதற்காக அவர் யார் மேலும் வழக்குப் போட்டதில்லை. தாம்சனும் போட்டதில்லை. இந்த வழக்கில் கையெழுத்திட்டிருக்கும் நூற்றுக்கணக்கானவர்கள் எலும்பு முறிந்த கணக்கைக் கேட்கவில்லை. தெரிந்து ஏற்றுக்கொண்டதற்கு அவர்கள் கணக்குக் கேட்கவே இல்லை. தெரியாமல் பறிபோனதற்குத்தான் கேட்கிறார்கள்.

தெரியாமலா? இங்கேதான் எதிர்த்தரப்பு சிரிக்கும். தலையில் அடிபட்டால் மூளைக்குக் கேடு என்று தெரிய டாக்டர் பட்டம் வேண்டுமா என்று கேட்கும். சரி, அந்தக் கேள்வியை அப்படியே திருப்பி வைக்கிறேன். அவ்வளவு வெளிச்சமான உண்மை என்றால், ஆட்டத்தை நடத்தியவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டுமே. குத்துச்சண்டைக்காரர்களின் தள்ளாட்டத்தையும் மறதியையும் பற்றி அமெரிக்க நோய்க்கூறு வல்லுநர் ஹாரிசன் மார்ட்லண்ட் மருத்துவ இதழில் எழுதியது 1928-இல். அது தொலைவு, வேறு ஆட்டம், வேறு நாடு என்பீர்கள். அப்படியானால் பக்கத்திலேயே வருவோம். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியின் முன்கள வீரர் ஜெஃப் ஆஸ்டில், தலையால் கோல் அடிப்பதில் பெயர் வாங்கியவர், 2002 ஜனவரியில் 59 வயதில் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் மரண விசாரணை அதிகாரி ஒருவர் காரணத்தை எழுதினார்: தொழில்சார் நோய். சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலுக்குச் சொல்லும் அதே சொல். திரும்பத் திரும்பப் பந்தைத் தலையால் முட்டியதே காரணம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. சிட்னி இறுதி ஆட்டத்துக்கு ஒரு வருடம் முன்பு. தாம்சனின் சொந்த நாட்டிலேயே.

பந்து முட்டியே இந்தக் கதி என்றால், 115 கிலோ மனிதன் ஓடிவந்து முட்டினால்?

இந்தக் கேள்வி இங்கிலாந்து ரக்பி சங்கத்தில் ஒருவர் மனதிலும் எழவில்லை என்று நம்பச் சொல்கிறார்கள். எழாவிட்டால் அது அலட்சியம். எழுந்தும் ஆட்டக்காரர்களிடம் சொல்லாவிட்டால் அதற்கு வேறு பெயர். அதே 2002-இல்தான் தொழில்முறை ஆட்டக்காரர்களின் காயங்களைக் கணக்கெடுக்கும் ஆய்வுத் திட்டத்தைச் சங்கம் தொடங்கியது. கணக்குப் புத்தகம் யார் கையில் இருந்தது? தாம்சன் கையிலா?

இன்னொன்று. ஆட்டக்காரருக்கு மூளையதிர்ச்சி என்று முடிவானால் மூன்று வாரம் ஆடக்கூடாது என்று சர்வதேச ரக்பி வாரியத்தின் விதியே நெடுங்காலம் இருந்தது. அந்த விதியை எழுதியவர்களுக்கு மூன்று வாரம் ஏன் என்று தெரியாமலா எழுதியிருப்பார்கள்? நடைமுறையில் என்ன ஆயிற்று என்பது ரக்பி உடைமாற்றும் அறைகளில் எல்லாருக்கும் தெரிந்த கதை. 'மூளையதிர்ச்சி' என்ற சொல்லையே யாரும் வாயில் எடுக்கவில்லை. 'கொஞ்சம் மணி அடித்துவிட்டது' என்றார்கள், 'லேசாகத் தலை சுற்றல்' என்றார்கள். சொல் இல்லாவிட்டால் விதியும் இல்லை. அடுத்த சனிக்கிழமை ஆள் தயார். 2011-இல் அந்த மூன்று வாரக் கட்டாயமும் போய், படிப்படியாகத் திரும்பும் முறை வந்தது; ஆறு நாளிலேயே திரும்ப வழி பிறந்தது. மறு ஆண்டு, ஆடுகளத்தின் ஓரத்தில் ஐந்து நிமிடம் சோதித்துப் பார்த்து ஆளைத் திரும்ப அனுப்பலாம் என்ற சோதனை முறையைக் கொண்டுவந்தார்கள். வாரியத்தின் மருத்துவ ஆலோசகராக இருந்த பேரி ஓ'டிரிஸ்கால், தானே அயர்லாந்துக்கு ஆடியவர், இதை ஏற்க முடியாது என்று பதவியை விட்டு வெளியேறினார். உள்ளே இருந்த மருத்துவரே கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன பிறகும் 'யாருக்கும் தெரியாது' என்றால், எந்த யாருக்கு?

இப்போது தாம்சனின் தொழில் வாழ்க்கையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். விருப்பம், தேர்வு என்றெல்லாம் பொதுவாகப் பேசுவது சுலபம். ஓர் ஆளின் உடம்பை வைத்துப் பேசினால்தான் சொற்களின் எடை தெரியும்.

ரக்பி அடியோடு தொழில்முறை ஆட்டமானது 1995 ஆகஸ்டில்தான். தாம்சன் அப்போது 17 வயதுப் பையன். பகல் வேலைக்குப் போய், மாலையில் ஆடி, சனிக்கிழமை மோதிய தலைமுறை அவருக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. அவருடைய தலைமுறைக்கு ஆட்டமே வேலை. வாரம் முழுவதும் பயிற்சி, எடைதூக்கல், மோதல் பழக்கம். நார்த்தாம்டன் அணியில் பின்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவரை ஹூக்கர் ஆக்கினார்கள். ஸ்க்ரம் என்ற முட்டுதலை அறியாதவர்களுக்கு: எட்டு பேர் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குனிந்து, எதிரணியின் எட்டு பேரோடு தலையும் தோளும் பின்னிக்கொள்ளத் தள்ளுவார்கள். ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 900 கிலோ. முன்வரிசை மூவரில் நடுவில் நிற்பவர் ஹூக்கர். இரண்டு கைகளும் இரு பக்கத்து ஆட்களின் தோளில். தன்னைக் காத்துக்கொள்ளத் தலைக்கு முன்னால் கொண்டுவர ஒரு கை கூட அவருக்கு மிச்சமில்லை. கண்டியிலும் கொழும்பிலும் பள்ளி ரக்பி பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்த முதல் இடி சத்தம் அரங்கின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

தாம்சன் காலத்தில் அந்த இரண்டு கூட்டமும் இடைவெளி விட்டு நின்று, நடுவர் சொன்னதும் பாய்ந்து இடிக்கும். 2013-இல்தான் முதலில் எதிராளியைப் பிடித்துக்கொண்டு பிறகு தள்ளும்படி விதியை மாற்றினார்கள். இடியின் வேகம் குறைந்தது. ஆட்டம் செத்துவிடவில்லை. ஆக, மாற்ற முடியாத இயற்கை விதி ஒன்றும் அதில் இருக்கவில்லை. தாம்சன் ஓய்வு பெற்று ஒன்றரை ஆண்டு கழித்து அவர்களுக்கு அது தோன்றியது, அவ்வளவுதான்.

ஆட்ட நாளை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் கோட்டை விடுவது இதை: அடி அதிகம் விழுந்தது பயிற்சியில். பார்வையாளர் இல்லை, கேமரா இல்லை, நடுவர் இல்லை. ஸ்க்ரம் பயிற்சி இயந்திரத்தோடு முட்டி, பிறகு ஆட்களோடு முட்டி, மறுபடி இயந்திரத்தோடு. விழுந்து எழும்போது கண்ணுக்குள் வெள்ளை வெளிச்சம் அடிக்கும் என்றும், சுற்றி இருந்தவர்கள் அவர் குட்டித் தூக்கம் போடுகிறார், எழுந்துவிடுவார் என்று சிரிப்பார்கள் என்றும் தாம்சன் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை 80 நிமிடம் அவர் தேர்ந்தெடுத்தது என்றே வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை முட்டலை எத்தனை முறை என்று தீர்மானித்தது யார்? பயிற்சியாளர். மறுத்தால்? பட்டியலில் பெயர் இருக்காது. பெயர் இல்லாவிட்டால் அடுத்த ஒப்பந்தம் இருக்காது. ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு என்று உடம்பை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவனிடம் போய் 'உனக்கு விருப்பமில்லை என்றால் சொல்லியிருக்கலாமே' என்பது, செங்கல்சூளைக்காரனிடம் வெயில் பிடிக்கவில்லையென்றால் நிழலில் நின்றிருக்கலாமே என்று கேட்பதுபோல.

எதிர்த்தரப்பிடம் ஒரு வலுவான சீட்டு இருக்கிறது. அதை நானே எடுத்துப் போடுகிறேன். 2007-இல் தாம்சன் கழுத்துக் காயத்தால் ஓய்வு அறிவித்தார். அப்போது வயது 28. இங்கிலாந்துக்கு ஆடிவிட்டார், பிரிட்டன்-அயர்லாந்து கூட்டணியான லயன்ஸ் சுற்றுப்பயணம் போய்விட்டார், உலகக்கோப்பை கையில். போதும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. மருத்துவர்கள் சரி என்றதும் பிரான்ஸில் பிரீவ் அணிக்குத் திரும்பினார். பிறகு லீட்ஸ், வாஸ்ப்ஸ். மறுபடி இங்கிலாந்து அணி. 2011 உலகக்கோப்பையும் ஆடினார். அந்த ஆண்டு இறுதியில் மறுபடியும் அதே கழுத்து நிறுத்தியது. இங்கிலாந்துக்கு மொத்தம் 73 சர்வதேச ஆட்டங்கள். பார்த்தீர்களா, ஆபத்து தெரிந்தும் தானே போய் மாட்டிக்கொண்டார் என்பார்கள்.

பார்த்தேன். நான் பார்த்தது வேறு. கழுத்து விஷயத்தில் நடந்தது என்ன? காயம் இது, இதனால் இன்னது ஆகலாம் என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். அவர் கேட்டார். ஆட்டத்தை நிறுத்தினார். மருத்துவம் பார்த்துக்கொண்டார். இனிப் பாதகமில்லை என்று சொன்ன பிறகு திரும்பினார். மறுபடி எச்சரித்ததும் ஒரேயடியாக விட்டார். இது பொறுப்பில்லாதவன் நடத்தையா? விவரம் கையில் கொடுத்தால் இந்த மனிதர் எப்படி முடிவெடுப்பார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? கழுத்துக்கு ஒரு மருத்துவர் வந்து உட்கார்ந்து படம் காட்டிப் பேசினார். மூளைக்கு அப்படி யார் வந்து உட்கார்ந்தார்கள்? அவர் திரும்பி வந்ததைச் சுட்டிக்காட்டுகிறவர்கள், தங்கள் வாதத்தைத் தாங்களே கொன்றுவிடுகிறார்கள்.

இத்தனையும் பழைய கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று ஒரு கூட்டம் சொல்கிறது. மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. சந்தேகம் வந்தால் ஆளை வெளியே எடுத்துச் சோதிக்கிறார்கள். பல்லுறைக்குள் கருவி வைத்து அடியின் வேகத்தை அளக்கிறார்கள். ஆனால் 2016 டிசம்பரில், இந்தச் சோதனைமுறையெல்லாம் வந்த பிறகு, தாம்சனின் பழைய அணியான நார்த்தாம்டனின் ஜார்ஜ் நார்த், லெஸ்டர் அணிக்கெதிராகக் காற்றில் எழும்பிக் கீழே விழுந்து அசைவின்றிக் கிடந்தார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. சோதித்துவிட்டுத் திரும்ப ஆட அனுப்பினார்கள். விசாரித்தார்கள். திரும்ப அனுப்பியிருக்கக்கூடாது என்றார்கள். தண்டனை யாருக்கும் இல்லை.

அதற்கும் முன்னால், 2011 ஜனவரியில் வட அயர்லாந்தில் 14 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் ஒரே ஆட்டத்தில் மறுபடி மறுபடி தலையில் அடிபட்டு ஆடிக்கொண்டே இருந்து இறந்துபோனான். அந்தப் பிள்ளை எந்தச் சம்பளத்தை வாங்கினான்? எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான்? 'விரும்பித்தானே' என்பவர்கள் அந்தத் தாய் தகப்பன் முன்னால் நின்று அதைச் சொல்லட்டும்.

அறிவியல் இன்னும் முடிவாகச் சொல்லவில்லையே என்ற வாதமும் உண்டு. இதை நான் மதிக்கிறேன், ஓரளவு. உடம்பை ஒரே காரணத்தில் அடைக்க முடியாது. 2025 அக்டோபரில் லூயிஸ் மூடி தனக்கு மோட்டார் நியூரான் நோய் இருப்பதாக அறிவித்தார். வயது 47. சிட்னியில் தாம்சன் வீசிய பந்தைப் பிடித்த அதே மூடி. வீசியவருக்கு டிமென்ஷியா, பிடித்தவருக்கு மோட்டார் நியூரான். இரண்டையும் சேர்த்து ஒரு கோடு இழுத்து ரக்பிதான் காரணம் என்று எழுத என் கை பரபரக்கிறது, எழுதமாட்டேன். தனி ஒருவருக்கு ஏன் அந்த நோய் வந்தது என்று இன்றைய மருத்துவத்தால் அறுதியிட முடியாது. ஆனால் கூட்டாகப் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் முன்னாள் சர்வதேச ஆட்டக்காரர்கள் 412 பேரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டு கிளாஸ்கோவின் வில்லி ஸ்டூவர்ட் குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வு, டிமென்ஷியா ஏறத்தாழ இரு மடங்கு, மோட்டார் நியூரான் நோய் 15 மடங்கு என்றது. எண்ணிக்கை சிறியது, எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பார்கள். படியுங்கள், எச்சரிக்கையோடே படியுங்கள். அந்த எச்சரிக்கையில் கால்வாசியை ஆட்டக்காரனின் தலைக்கும் காட்டியிருக்கலாம் என்பதுதான் என் வழக்கு. சந்தேகத்தின் பலன் எப்போதும் சங்கத்துக்கே போய்ச் சேருவது என்ன நியாயம்?

2023 ஜனவரியில் இங்கிலாந்து ரக்பி சங்கமே ஒரு நல்ல காரியம் செய்யப் பார்த்தது. சாதாரணக் கிளப் ஆட்டங்களில் இடுப்புக்கு மேல் பிடித்து மடக்கக்கூடாது என்றது. எழுந்தது பாருங்கள் ஒரு கூக்குரல். ஆட்டத்தைக் கொன்றுவிட்டார்கள், பொம்மை விளையாட்டாக்கிவிட்டார்கள் என்று பல்லாயிரம் பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். சங்கம் பின்வாங்கி, மார்பெலும்பின் அடிவரை என்று உயர்த்திக்கொண்டது. இதில் எனக்குச் சங்கத்தின் மேல் கோபம் இல்லை. மனுப் போட்டவர்களைப் பார்த்து ஒரு கேள்வி இருக்கிறது. மனிதர்கள் மாறிவிட்டார்களே, கவனித்தீர்களா? 1955-இல் சர்வதேச ஆட்டக்காரரின் சராசரி எடை ஏறத்தாழ 85 கிலோ. 2015-இல் 105. விதி மட்டும் தாத்தா காலத்தில் நிற்க வேண்டும், உடம்பு மட்டும் தொழிற்சாலையில் வார்த்து வர வேண்டும் என்றால் எப்படி? 'எங்கள் காலத்திலும் ஆடினோமே, நன்றாகத்தானே இருக்கிறோம்' என்கிற பெரியவரே, நீங்கள் ஆடியது இந்த ஆட்டமே இல்லை.

இனி சம்பளம். உப்பு விவகாரத்துக்கு இப்போதுதான் வருகிறேன். தின்றது யார்?

ட்விக்கன்ஹாம் அரங்கில் 82,000 இருக்கைகள். இங்கிலாந்து ஆடும் நாளில் காலி இருக்கையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2018-இல் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனம் இங்கிலாந்தின் முதல்நிலை லீகில் 27 சதவீதத்தை 20 கோடி பவுண்டு அளவில் வாங்கியது. எதை நம்பி? பதினைந்து பேர் பதினைந்து பேரோடு மோதுவதை நம்பி. நான்கு ஆண்டு கழித்து அந்த லீகே ஆட்டம் கண்டது. 2022 செப்டம்பரில் உஸ்டர் அணி திவாலானது. அக்டோபரில் வாஸ்ப்ஸ், இருமுறை ஐரோப்பிய சாம்பியன், தாம்சன் கடைசியாக ஆடிய அணி, ஒரே நாளில் 167 பேருக்கு வேலை போயிற்று. அடுத்த ஜூனில் லண்டன் ஐரிஷ். காலையில் பயிற்சிக்கு வந்த ஆட்டக்காரர்கள் மாலையில் வீட்டுத் தவணை கட்ட வழி தேடினார்கள். இதுதான் அந்தக் கொழுத்த சம்பளத்தின் உறுதி. மறுபக்கம், 2024-இல் வெளியான கணக்கில் இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்கு 3.79 கோடி பவுண்டு நடைமுறை நட்டம், 42 ஊழியர்களின் வேலை நீக்கம். அதே ஆண்டு தலைமை நிர்வாகிக்கு ஊக்கத்தொகை உட்பட 11 லட்சம் பவுண்டு. அவர் தலையில் யாரும் முட்டியதாகத் தகவல் இல்லை.

உப்பு அந்தப் பக்கம். தண்ணீர் தேடி அலைவது இந்தப் பக்கம்.

இந்த 'விரும்பினால் ஆடு, இல்லாவிட்டால் போ' என்ற குரல் புதியதும் இல்லை. இங்கிலாந்து ரக்பியின் வயதேதான் அதற்கும் வயது. 1890-களில் யார்க்‌ஷயர், லங்காஷயர் ஊர்களில் ஆடியவர்கள் மில் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள். அவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலை நாள். ஆடப் போனால் அன்றைய கூலி போகும். இழந்த கூலியை மட்டும் ஈடு செய்யுங்கள் என்று கேட்டார்கள், லாபம் கேட்கவில்லை. தெற்கின் கனவான்கள் மறுத்தார்கள். ஆட்டத்தின் தூய்மை கெடுமாம். கையில் வசதி இல்லாதவன் ஆட வரவேண்டாம் என்பதே பதிலின் சாரம். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வட ஊர்க் கிளப்புகள் பிரிந்து போயின. ரக்பி லீக் என்ற தனி ஆட்டமே அதிலிருந்து பிறந்தது. சரியாக நூறு ஆண்டு கழித்து, அதே ஆகஸ்ட் மாதக் கடைசியில், பழைய ஆட்டத்தில் தங்கிவிட்ட ரக்பி யூனியன்காரர்களும் காசுக்குக் கதவைத் திறந்தார்கள். தூய்மை பற்றி அன்று யாரும் பேசவில்லை.

ஆக, நூறு ஆண்டு 'காசு கேட்காதே, அன்புக்கு ஆடு' என்றார்கள். அடுத்த முப்பது ஆண்டு 'காசு வாங்கினாயே, வாயை மூடு' என்கிறார்கள். இரண்டு வாக்கியத்திலும் ஆட்டக்காரன் பேச இடமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

நீதிமன்றம் என்ன சொல்லும் என்பது வழக்கறிஞர்கள் பாடு. உலக ரக்பி அமைப்பும் இங்கிலாந்து, வேல்ஸ் சங்கங்களும் தங்கள் மேல் தவறில்லை என்றே வாதாடுகின்றன, வாதாடட்டும். அதற்குள் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்த 2003 பதிவை நானும் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், பலமுறை கைதட்டியிருக்கிறேன். அடுத்தமுறை பார்க்கும்போது உதையோடு நிறுத்தாமல், அதற்கு முன்னால் பந்தைத் தூக்கிப் பிடித்து நிற்கும் ஆளையும் பாருங்கள். அந்த ஆட்டத்தை இன்று நீங்கள் நினைவில் வைத்திருக்கிறீர்கள், அவர் வைத்திருக்கவில்லை. மறுபடி வாழ்ந்தால் இதே வாழ்க்கையைத் தேர்ந்தெடுப்பீர்களா என்ற கேள்விக்கு அவர் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவருடைய விருப்பத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், அவரே சொன்ன அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் காதில் வாங்குவதில்லை.

2021 செப்டம்பரில் தாம்சன் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டார். தன் மரணத்துக்குப் பிறகு மூளையை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று. இந்த முறை எதற்குக் கையெழுத்திடுகிறார் என்று அவருக்கு முழுதாக விளக்கியிருந்தார்கள். அந்த மூளை வங்கியைத் தொடங்கியது ரக்பி சங்கம் அல்ல. ஜெஃப் ஆஸ்டில் பெயரில் இயங்கும் அறக்கட்டளை.